சாரையிடம் பேசியவர்

பெரியப்பா யாரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமோ அவரைப் பார்த்துச் சொன்னதே கிடையாது. பக்கத்தில் நிற்கும் கோழியைப் பார்த்துச் சொல்வார். கோழி இல்லையென்றால் கடப்பாரையிடம். குழம்பில் உப்புக் குறைந்தால் பெரியம்மாவிடம் வாய் திறக்க மாட்டார். வாசலில் படுத்திருக்கும் நாயைக் கூப்பிட்டு, "ஏப்பா, கடையில உப்புக்குத் தட்டுப்பாடாம்ல, உனக்கு யாரும் சொல்லலையா?" என்பார். நாய் வாலை ஆட்டும். உள்ளேயிருந்து உப்பு வரும். கூடவே பெரியம்மாவின் குரலும் வரும், அதுவும் நாய்க்குத்தான்: "பேச வாய் இருக்கிறவுகளுக்கு எந்திரிச்சு வந்து எடுத்துக்கக் கை இல்லையாக்கும்."

எங்கள் பக்கம் இதை ஜாடை பேசுவது என்போம். எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் மற்றவர்கள் கோபத்தில்தான் ஜாடை பேசுவார்கள், கோபம் ஆறியதும் நேராகப் பேசிக்கொள்வார்கள். பெரியப்பாவுக்குக் கோபம், பாசம், பசி எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் பாஷை. நான் பிளஸ் டூ தேறியபோது எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்கவில்லை. சேதி கேட்டு வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் நின்ற என் சைக்கிளிடம் போய், "இனிமே உன்னைய மிதிக்க மாட்டாப்ல. பஸ் ஏறி காலேஜுக்குப் போவாப்ல. நீ நல்லா சாஞ்சு ரெஸ்ட் எடு" என்று சொல்லி, அதன் சீட்டைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தடவல் எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

செல்போன் வந்தபோது அவர் பாடு திண்டாட்டமானது. போனில் எதிரில் ஒரே ஆள்தான் இருக்கிறார், அவரிடம்தான் பேசியாக வேண்டும். பெரியப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் விஷயத்தைச் சொல்வார். அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் சேர்ந்தது. நாளடைவில் போன் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. வயலுக்கு அவர் அதை எடுத்துப் போனதே இல்லை.

அவர் பாம்பு கடித்து இறந்தார் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். கடிபட்ட பிறகு அவர் சொன்னது என் அப்பாவின் காதில் விழுந்ததா இல்லையா என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அப்பா அவருடைய கூடப்பிறந்த தம்பி. ஒரு வரப்பின் இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் பெரியப்பாவும் வெள்ளாமை செய்தார்கள். இருவருக்கும் இடையில் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை, கேஸ் இருந்தது.

கேஸ் அந்த வரப்பைப் பற்றியதுதான். மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி தாண்டி எங்கள் நிலம். தாத்தா பிரித்துக் கொடுத்தபோது வரப்பில் இரண்டு மாடு சேர்ந்து நடக்கலாம் என்பார்கள். பிறகு வருஷத்துக்கு ஒரு முறை வரப்பை வெட்டிச் செப்பனிடும்போது தம்பி நம் பக்கம் கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டான் என்று அண்ணனுக்கும், அண்ணன்தான் தள்ளி வெட்டினார் என்று தம்பிக்கும் சந்தேகம். நேராகக் கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். பெரியப்பா மண்வெட்டியிடம் கேட்டார். "உனக்குப் பசி ஜாஸ்திப்பா. வரப்பைத் தின்னே வயிறு வளக்குற." அப்பா அதைக் கேட்டுவிட்டு வக்கீலைப் பார்க்கப் போனார்.

தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் வரப்பில் கை வைக்கக் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. அவர்களும் வைக்கவில்லை. எருக்கும் ஆவாரையும் மண்டின. கோரை இடுப்பு உயரம் வளர்ந்தது. அதன் அடியில் எலி வளை வைத்தது. எலி வந்ததும் சாரை வந்தது.

வாய்தாவுக்குத் தல்லாகுளத்துப் பக்கம் இருக்கும் கோர்ட்டுக்குப் போக எங்கள் ஊரிலிருந்து காலையில் ஒரே பஸ்தான். அண்ணனும் தம்பியும் அதிலேயே ஏறி, ஆரப்பாளையம் ஸ்டாண்டில் இறங்கி, ஒரே டவுன் பஸ் பிடித்துப் போவார்கள். நானும் அதே பஸ்ஸில் காலேஜுக்குப் போவேன். ஒருநாள் அப்பாவுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. பெரியப்பாவுக்கு இல்லை. அவர் கண்டக்டரிடம் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கண்டக்டரே, சீட்டுல உக்காந்திருக்கிற சில பேருக்கு ஒன்றரை டிக்கெட்டாப் போடுங்க. பக்கத்து எடத்தையும் சேத்து அமுக்குற பழக்கம் உண்டு."

"எண்ணே, எனக்கு ரெண்டு பேரும் ஒரே ஊரு, ஒரே டிக்கெட்டு. உள்ள தள்ளி நில்லுங்க" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து அசையவில்லை. பெரியப்பாவுக்கு வாய் எப்படியோ அப்படி அப்பாவுக்குக் கழுத்து. திரும்பினால் அந்தப் பேச்சு தனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் திரும்புவதில்லை என்று முடிவு செய்து, அதைப் பழகி, பழகியபின் திரும்ப வேண்டும் என்ற எண்ணமே வராத நிலைக்கு வந்துவிட்டார். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் திரும்புவார். பெரியப்பாவின் குரலுக்கு மட்டும் திரும்ப மாட்டார்.

பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு இரண்டு வீட்டிலும் சோறு உண்டு. அதில் இருவருமே வழக்குப் போடவில்லை. பெரியம்மா எனக்கென்று எடுத்து வைக்கிற குழம்பை அம்மா ஒருநாளும் தடுத்ததில்லை. சனி ஞாயிறுகளில் நான் வரப்புக்கு அந்தப் பக்கமும் போவேன், இந்தப் பக்கமும் போவேன்.

சாரையை முதலில் பார்த்தவர் பெரியப்பா. ஆளைவிட நீளமாக, மஞ்சளும் பழுப்புமாக, வால் பக்கம் கறுப்புப் பட்டைகளோடு இருக்கும். காலை வெயில் ஏறியதும் வரப்பின் மேல் வந்து கிடக்கும். உதட்டுச் செதில்களில் மையால் கோடு போட்டாற்போல் இருக்கும். கண் பெரிதாக உருண்டை. இரையைக் கண்டால் ஓடுகிற வேகத்தில் கோரை இரண்டாகப் பிளக்கும். அது வந்தபிறகு இரண்டு பக்கமும் எலி குறைந்தது. நெற்கதிரை யாரும் அடியில் வெட்டிப் போடவில்லை. அப்பாவுக்கு அது தெரியும், சொல்ல மாட்டார். பெரியப்பா சொன்னார், சாரையிடம். "பரவாயில்லப்பா, நீ எல்லைக் கல்லுப் பாக்காம வேட்டைக்குப் போற. சில பேருக்கு அந்தப் பெருந்தன்மை இல்ல."

அன்றிலிருந்து கோழிக்கும் கடப்பாரைக்கும் வேலை குறைந்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல வேண்டியதெல்லாம் சாரையிடம் போனது. சாரை இல்லாத நேரத்திலும் அதன் வளையைப் பார்த்துச் சொல்வார். தண்ணீர் முறை மாறியது, மோட்டார் ஃபியூஸ் போனது, அப்பா புதிதாக பைக் வாங்கியது. "ஏப்பா சாரை, இப்பெல்லாம் வரப்புல நடக்கிறது கேவலமாம். வண்டி வச்சிருக்கவுக வண்டியிலதான் வாராக." அப்பா இருவருக்கும் பொதுவான பம்புசெட் பக்கத்தில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நிற்கவில்லை.

களை எடுக்க வந்த பெண்கள் ஒருநாள் நல்ல பாம்பு என்று அலறினார்கள். ஓடிப் பார்த்தால் சாரைதான். பின்னால் வாய்க்கால், முன்னால் ஆட்கள், போக வழியில்லாமல் நின்றது. தலையைத் தூக்கிக் கழுத்தை உப்பவைத்து உறுமியது. பாம்பு சீறும் என்று நினைத்திருப்போம், சாரை மாட்டிக்கொண்டால் நாய்போல அடித்தொண்டையில் உறுமும். கழுத்து மேலும் கீழுமாகத்தான் உப்புமே தவிர, பக்கவாட்டில் படமாக விரியாது. பயந்த கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனாலேயே எத்தனையோ சாரைகள் நல்ல பாம்பு என்று அடிபட்டுச் சாகின்றன. ஒருவர் கம்பை ஓங்கிவிட்டார். பெரியப்பா அந்தக் கம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு கம்பிடம் பேசினார். "அவசரப்படாதப்பா. சத்தம் போடுறவனெல்லாம் கடிக்கிறவன் இல்ல." கூட்டம் விலகியது. சாரை வழி கிடைத்ததும் ஒரே பாய்ச்சலில் கோரைக்குள் போய்விட்டது.

எம்.எஸ்ஸி. விலங்கியலில் எனக்கு செமினார் தலைப்பாக விழுந்தது வட அமெரிக்கச் சாரைப் பாம்புகள். ஆனையூரில் நாலு பேர் சேர்ந்து எடுத்த அறையில் இருந்துகொண்டு, பார்த்திராத காட்டில் வாழும் பார்த்திராத பாம்பைப் பற்றிப் படித்தேன். நம்முடைய சாரைக்குத் தூரத்துச் சொந்தம். கறுப்பாக ஒன்று, மஞ்சளில் கோடு போட்டது ஒன்று, சாம்பலில் ஒன்று என்று பல வகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்ததைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் வயலில் காலை நீட்டி உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் வரப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

அங்கே உள்ள சாரை மரம் ஏறும் என்றேன். சுற்றிக்கொண்டு ஏறாது, வயிற்றுச் செதில்களின் விளிம்பைப் பட்டையின் வெடிப்பில் பொருத்திப் பொருத்தி நட்டக்குத்தலாக ஏறும். மேலே பறவைக் கூட்டில் முட்டையும் குஞ்சும் தின்னும். வயலில் எலி தின்னும். அதனால் தானியக் கொட்டகையில் அதை விட்டுவைக்கிற விவசாயிகள் அங்கேயும் உண்டு. இரையைச் சுருட்டி இறுக்கிக் கொன்றுவிட்டுத்தான் விழுங்கும். நம்முடையது அப்படி இறுக்காது, உடம்பால் தரையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு உயிரோடு விழுங்கிவிடும். அது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், பார்த்திருக்கிறேன்.

பயந்தால் அது என்ன செய்யும் என்பதில்தான் அவருக்கு ருசி ஏறியது. முதலில் உடம்பைக் கோணல்மாணலாக மடக்கிக் காய்ந்த குச்சிபோல அசையாமல் கிடக்கும். அதற்கும் விடாமல் நெருங்கினால் வாலை உலர்ந்த சருகில் வைத்துப் படபடவென்று அடிக்கும். அந்த ஊரில் கிலுகிலுப்பைப் பாம்பு என்று கொடிய விஷப்பாம்பு ஒன்று இருக்கிறது. அதன் வால் ஓசை மாதிரியே கேட்கும். கேட்டவர்கள் ஓடுவார்கள். சிலர் ஓடாமல், விஷப்பாம்பு என்று நினைத்து அடித்துவிடுவார்கள்.

பெரியப்பா தொடையில் தட்டிக்கொண்டார். அப்பா அப்போது வரப்புக்கு அந்தப் பக்கம் மடை மாற்றிக்கொண்டிருந்தார்.

"கேட்டுக்கப்பா சாரை. அமெரிக்காவுல ஒன் பங்காளி பல்லுல ஒண்ணுமே இல்லாம வாலை ஆட்டியே பொழைக்கிறானாம். இங்கிட்டும் அப்பிடி ஆளு உண்டு. வாலுக்குப் பதிலா வக்கீலு."

நான் சங்கடத்தோடு அப்பாவைப் பார்த்தேன். குனிந்தபடியே இருந்தார்.

பேச்சை மாற்ற இன்னொன்று சொன்னேன். அந்த ஊர்க் குடியானவர்கள் கறுப்புச் சாரையைப் பற்றி ஒரு நம்பிக்கை வைத்திருந்தார்களாம். குளிர்காலத்தில் அதுதான் விஷப்பாம்புகளுக்கு வழிகாட்டிப் பொந்துக்குக் கூட்டிப்போகும் என்று. உண்மையில் யாரும் யாருக்கும் வழிகாட்டுவதில்லை. நல்ல பொந்து ஒன்றுதான் இருக்கிறது, இரண்டும் அங்கே வந்து முடங்குகின்றன, அவ்வளவுதான். நம் ஊரிலும் எலி வளை யாருக்கும் பட்டா கிடையாது பெரியப்பா, நல்ல பாம்பும் வரும், வளையில் கையை விடாதீர்கள் என்றேன்.

அவர் முதல்முறையாகக் கொஞ்சம் என் பக்கம் திரும்பினார். முழுக்கத் திரும்பவில்லை. "நம்மாளு குடியிருக்கையில இன்னொருத்தன் எப்பிடிடா வருவான்" என்றார். அது அவருடைய உறுதியான நம்பிக்கை. சாரை இருக்கிற வரப்பில் நல்ல பாம்பு அண்டாது என்று எங்கள் பக்கம் சிலர் சொல்வார்கள். வேறு சிலர் சாரைதான் நல்ல பாம்புக்குப் புருஷன் என்பார்கள். அவர் முதல் கட்சி.

அந்த இரண்டாவது கட்சியின் கூத்தையும் ஒருநாள் பார்த்தோம். கோடை மழை பெய்து விட்ட காலை. வரப்பின் மேல் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுந்து நின்றன. கயிறு முறுக்குவதுபோல முறுக்கிக்கொண்டு, தலைகளைத் தூக்கி, சாய்ந்து, விழுந்து, மறுபடி எழுந்தன. சாரையும் நாகமும் பிணையுது என்று ஊர் ஓடிவந்தது. அப்படிப் பிணையும்போது புதுத்துணியைப் போட்டு எடுத்து வீட்டில் வைத்தால் நினைத்தது நடக்கும் என்பது வழக்கம். பெரியம்மா பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கேஸ் ஜெயிக்க வேண்டும் என்று.

இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண், இது சண்டை என்றேன். ஒன்றின் தலையை மற்றது தரையில் அமுக்கப் பார்க்கிறது, கடிக்காது, ரத்தம் வராது, அமுக்கப்பட்டது எழுந்து தன் வழியே போய்விடும், அமெரிக்கச் சாரையும் இப்படித்தான் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. பெரியப்பா வாங்கினார். வரப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வேட்டியை வீசியதும் பாம்புகள் பிரிந்தன. ஒன்று எங்கள் பக்கம் ஓடியது, ஒன்று அவர்கள் பக்கம் ஓடியது.

பெரியப்பா கோரையைப் பார்த்துச் சொன்னார்: "அம்புட்டுத்தானாப்பா? வக்கீலு பீஸு இல்லாம, வாய்தா இல்லாம, ஒரு காலையிலயே முடிச்சுக்கிட்டீக."

அப்பாவின் வாயோரம் இழுத்தது. அது சிரிப்புதான், எனக்குத் தெரியும். உடனே குனிந்துகொண்டார். அவர்கள் இருவரும் ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் யாராவது ஏதாவது பேசியிருந்தால் என்னவாகியிருக்குமோ. ஆனால் வேட்டி வரப்பின் மேல் குறுக்கே விழுந்து கிடந்தது. வரப்பில் கை வைக்கக் கூடாது. பெரியம்மாவும் எடுக்கவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை. மழையிலும் வெயிலிலும் கிடந்து நைந்து, ஒருநாள் ஆடு இழுத்துக்கொண்டு போனது.

அவருக்குக் கடிபட்டது நாற்று நட்டுத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த நாட்களில். அவருடைய முறைத் தண்ணீர் வரப்பில் இருந்த எலி வளை வழியாக அப்பாவின் வயலுக்குக் கசிந்திருக்கிறது. வழக்கமாக மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி மண்ணை அமுக்கினால் போதும். ஆனால் வெட்டினால் கோர்ட்டுக் குற்றம். அதனால் வைக்கோலைச் சுருட்டிக் கையாலேயே வளைக்குள் திணித்திருக்கிறார். உள்ளே இருந்தது அவருடைய ஆள் இல்லை, நல்ல பாம்பு.

ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தர்தான் பிறகு அவரைப் பார்த்தது. பம்புசெட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். கண்ணிமை பாதி மூடியிருந்ததாம். ஆட்களைக் கூப்பிட்டு, நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வந்து, மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில் நாகமலை தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நான் ஆனையூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். ஊர்க்காரர்கள் இன்னொரு மரத்தடியில் நின்றார்கள்.

ஏன் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அக்கா ஆட்டை ஓட்டிக்கொண்டு முதலில் அந்தப் பக்கம் போனபோது அப்பாவின் பைக் பம்புசெட்டில் நின்றிருக்கிறது. திரும்பி வரும்போது இல்லை. பெரியப்பா மட்டும் இருந்திருக்கிறார். அப்படியானால் கடிபட்ட நேரத்தில் அப்பா அங்கே இருந்திருக்க வேண்டும். கேட்டும் கேட்காதவன்போல் போய்விட்டான் என்று ஊர் பேசியது. கொள்ளி நான்தான் வைத்தேன். அப்பா சுடுகாட்டின் கடைசியில் நின்றுவிட்டுப் போனார். யாரும் அவரை வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போனபின் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். முருங்கைக்கீரையை மடியில் போட்டு உருவிக்கொண்டிருந்தார்.

"ஊரு சொல்றத நான் நம்ப மாட்டேன்யா. உங்கப்பாவுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா? நீ கேட்டுட்டு வந்து சொல்லு. எதுவானாலும் சொல்லு."

அப்பாவிடம் கேட்பது எனக்குச் சுலபமாக இல்லை. கேட்டேன். அவர் சொன்னார். கேட்டதாம். "ஏப்பா சாரை, ஒன் வளையில வேற ஆளு இருந்திருக்காருப்பா. கையில போட்டுட்டாரு. வண்டி வச்சிருக்கவுக பக்கத்துல இருந்தா சொல்லு" என்று பெரியப்பா சொன்னது காதில் விழுந்ததாம். எப்போதும் விழுகிற மாதிரியே விழுந்ததாம். வண்டியைப் பற்றி இன்னொரு குத்தல் என்று நினைத்து மடையை அடைத்துவிட்டு வந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெருவில் சத்தம் கேட்டதாம்.

பெரியம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"சாரைகிட்டயா சொன்னாரு?"

"ஆமா பெரியம்மா."

"தம்பின்னு ஒரு வார்த்தை கூப்பிடலயா?"

"இல்ல போல. அப்பா அப்பிடித்தான் சொன்னாரு."

பெரியம்மா காம்புகளை ஒதுக்கினார். பிறகு பேசினார்.

"எங்கய்யா செத்த சேதி மொதல்ல இவருக்குத்தான் வந்துச்சு. இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? அம்மிகிட்டச் சொன்னாரு. 'ஒனக்கு இன்னைக்கு லீவு, அரைக்கிறவுக அப்பன் வீட்டுக்குக் கெளம்பணும்'னு. நான் என்னமோ குத்திப் பேசுறாருன்னு அரைச்சுக்கிட்டே இருந்தேன். எங்கண்ணன் ஆளு வந்து சொன்னப்பத்தான் எந்திரிச்சேன்." கீரையைச் சட்டியில் போட்டார். "நானா இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன்யா. உங்கப்பா மேல தப்பில்ல. வரச் சொல்லு. கேஸும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

நான் வரப்பைக் கடந்து எங்கள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். நல்ல சேதி சுமந்துபோகிற ஆள் மாதிரிதான் போனேன். அப்பா கேட்டார். பெரியம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் இரண்டாவது முறையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் முகத்தில் வரும் என்று நான் எதிர்பார்த்தது வரவில்லை.

"கூப்பிட்டாருடா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வண்டிய ஒதச்சேன்ல, அப்பத்தான். தம்பின்னு கேட்டுச்சு. நாக்கு கொழறுச்சு. காலையிலயே ஊத்திக்கிட்டு வந்து பாசம் காட்டுறாருன்னு நெனச்சேன். இத்தன வருசம் கூப்பிடாத மனுசன். புதுசா ஒரு ஜாடைன்னு நெனச்சேன். ஆக்சிலேட்டர முறுக்கிட்டு வந்துட்டேன்."

நல்ல பாம்பின் விஷம் நரம்பில் ஏறும். முதலில் கண்ணிமை கனக்கும். பிறகு நாக்கு தடிக்கும், பேச்சு குழறும். மூச்சு கடைசியில்தான் நிற்கும். இது நான் படித்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பெரியம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார், மனது ஆறியிருக்கிறது, இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். படித்தவன் பேசுகிற மாதிரி வரிசையாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். அப்பா கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நேரா ஒருத்தரை அவரு கூப்பிட்டிருக்காரு. அது அவுகளுக்குத் தெரியணும்டா. என்னைய மன்னிக்கிறதும் மன்னிக்காததும் அதுக்கப்புறம்."

அவர் வயல் வழியாகவே போனார். வரப்பில் ஏறும்போது நின்று, எருக்கை விலக்கி, அந்தப் பக்கம் இறங்கினார். நான் கிணற்றடி வரைக்கும் பின்னால் போய் நின்றுகொண்டேன். பெரியம்மா வாசலில் இருந்தார். அப்பாவைக் கண்டதும் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா அதை வாங்கவில்லை. மதினி என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவர் தாழ்ந்த குரலில் பேசினார், காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அவர் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தே பேசினார் என்பது மட்டும் தெரிந்தது.

பேசி முடித்த பிறகும் பெரியம்மா செம்பை நீட்டியபடியே நின்றார். பிறகு அதைக் கீழே வைத்தார். அவர் கேட்டது கிணற்றடி வரைக்கும் கேட்டது.

"எத்தனை தடவ கூப்பிட்டாரு?"